ஆட்டம் எங்கே இருக்கிறது?

நாமக்கல்லில் லாரி வேலை பார்க்கிறவர்கள் தனித்தனிப் பிரிவாக இருப்பார்கள். பாடி கட்டுகிறவர், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலைக்காரர், இன்ஜின் மெக்கானிக், கியர் பாக்ஸ் பார்க்கிறவர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், டயர் கடைக்காரர் என்று ஆளுக்கொரு பட்டறை. நான் முன் ஆக்சில்காரன். ஸ்டீயரிங் வளையத்தில் தொடங்கி முன் சக்கரத்தின் வீல் நட்டு வரைக்கும் என் வேலை. எழுபதுகளின் கடைசியில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். பிறகு சேலம் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். இப்போது பையன்கள் வேலை செய்கிறார்கள், நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். தெரிந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

இன்ஜின் கெட்டால் வண்டி ரோட்டோரம் நிற்கும். கியர் விழாவிட்டாலும் நிற்கும். ஸ்டீயரிங்கில் ஒரு பால் ஜாயின்ட் கழன்றால் வண்டி நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், டிரைவர் திருப்புகிற பக்கம் மட்டும் போகாது. தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முதுகில் லோடு தள்ள, அப்படி ஒன்று நடந்தால் அந்த டிரைவர் செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. எதிரே வருகிறவனுக்கும் அப்படித்தான். இந்தத் தொழிலை எடுத்தவன் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இதில் நான் படித்த பாடம் ஒன்றுதான். பார்ட்ஸ் மாற்றுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் சேர்ந்தபோது பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் இரண்டே சாதி. ஒன்று டாடா. 1954-ல் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தார்கள். அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்த பிறகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வெகுகாலம் ‘பென்ஸ் வண்டி’யாகவே இருந்தது. இன்னொன்று எண்ணூரில் செய்த லேலண்டு காமெட். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. பட்டறைக்கு வந்த இரண்டு சாதி வண்டியிலும் முன்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். குறுக்கே ஒரு இரும்பு பீம். அதன் இரண்டு முனையிலும் கிங் பின். கிங் பின்னைச் சுற்றித் திரும்பும் ஸ்டப் ஆக்சில், அதன்மேல் ஹப், ஹப்பில் சக்கரம். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம் தொங்கும். டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் ஒரு பக்கத்து ஸ்டப் ஆக்சிலைத் தள்ளும், இழுக்கும். இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கட்டுவது டை ராடு. எங்கள் பட்டறையில் ட்ராக் ராடு என்றும் சொல்வோம்.

டிரைவர் வளையத்தைத் திருப்பினால் அந்த அசைவு இத்தனை மூட்டுகளையும் கடந்துதான் டயருக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நூலளவு தேய்மானம் இருந்தாலும், எல்லாம் சேர்ந்து வளையத்தில் அரைக்கால் சுற்றாக வந்து நிற்கும். ஆட்டம் தெரிகிற இடம் வளையம். ஆட்டம் இருக்கிற இடம் வேறு. அவசரக்காரர்கள் வளையம் ஆடுவதைப் பார்த்ததும் ஸ்டீயரிங் பாக்ஸைத் திருகி இறுக்குவார்கள். வளையம் கொஞ்சம் கெட்டியாகும், வண்டி முன்பைவிட மோசமாகும்.

வண்டி உள்ளே வந்ததும் மேஸ்திரி முதலில் ஸ்பேனரை எடுக்க விடமாட்டார். “டிரைவர் அண்ணனைக் கூப்புடு, என்ன சொல்றார்னு கேளு” என்பார். முதலாளி சொல்வது அப்புறம். டிரைவர் சொல்வதைக் கவனித்துக் கேட்டால் பாதி வழி தெரிந்துவிடும். “பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்குதுங்க” என்றால் முதலில் பிரேக்கையும் ஹப் சீலையும் பார்க்க வேண்டும். சீல் போய் கிரீஸ் லைனிங்கில் இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது, மறு பக்கம் இழுக்கும். “ஒரு வேகத்துக்கு மேல போனா வளையம் கையில உதறுதுங்க” என்றால் கிங் பின், டை ராடு எண்டு, வீல் பேரிங், டிஸ்க் வளைவு என்று தேட வேண்டும். “குழியில விழுந்து ஏறுனா வண்டி தானா ஒரு பக்கம் போகுதுங்க” என்றால் டிராக் லிங்க்கையும் பட்டைக் கட்டையும் பார்க்க வேண்டும். “வளைவுல திருப்புனா வளையம் தானா திரும்பி வரமாட்டேங்குதுங்க” என்றால் எங்கோ இறுகியிருக்கிறது, அல்லது ஆக்சிலின் சாய்மானம் மாறியிருக்கிறது. நாலு டிரைவர்களும் ‘ஸ்டீயரிங் சரியில்ல’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்குமேல் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

அடுத்தது டயர். டயர் பொய் சொல்லாது. தேய்ந்த டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே மெதுவாக இழுக்க வேண்டும். உள்பக்கம் போகும்போது வழுவழுப்பாகவும் வெளிப்பக்கம் வரும்போது ரம்பப் பல் மாதிரி கீறியும் இருந்தால், சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மேல் உள்ளே சாய்ந்திருக்கிறது. அது டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட். ஒரே டயரில் ஒரு ஓரம் மட்டும் மொட்டையானால் கிங் பின் தேய்மானம் அல்லது ஆக்சில் வளைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருந்தால் பேரிங் ஆட்டமோ வேறு மூட்டு லூசோ சக்கரத்தைக் குதிக்க விட்டிருக்கிறது. புது டயர் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் பழைய டயர் எங்கே என்று கேட்பேன். ஸ்டெப்னியாகக் கிடந்தால் இறக்கிப் பார்ப்பேன்.

பிறகுதான் கை வேலை. சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் சோதனை. ஒரு பையன் மேலே உட்கார்ந்து வளையத்தை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருப்பான். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல்களை வைப்பேன். பாதி விரல் மூட்டின் இந்தப் பக்கம், பாதி விரல் அந்தப் பக்கம். இரண்டும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நல்லது. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் ஆட்டம் அங்கே. பாக்ஸுக்குள் போகிற ஷாப்ட், பாக்ஸைச் சேஸியில் பிடிக்கிற போல்ட்டுகள், டிராப் ஆர்ம், டிராக் லிங்க்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை என்று வரிசையாகப் போக வேண்டும். எதையும் தாண்டக் கூடாது. பாக்ஸ் போல்ட்டே லூசாக இருந்து, பாக்ஸ் மொத்தமும் சேஸியில் அசைகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். போல்ட் ஓட்டையைச் சுற்றிச் சேஸி விரிசல் விட்டிருப்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும்.

அதன் பிறகு பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிறவனை நான் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை. தூக்கிய சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினால் ஒரு டக் சத்தம் வரும். அந்தச் சத்தம் வீல் பேரிங்கிலிருந்தும் வரலாம், கிங் பின்னிலிருந்தும் வரலாம். அப்போது பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்வேன். பிரேக் ஷூ ட்ரம்மைப் பிடித்துக்கொண்டால் பேரிங் ஆட்டம் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் அது கிங் பின். நின்றுவிட்டால் பேரிங். ஒரு மிதியில் தெரிகிற இந்த விஷயத்தைச் செய்யாமல் கிங் பின் செட் வாங்கி வந்து மாற்றிவிட்டு, பிறகும் சக்கரம் ஆடுகிறதே என்று திகைக்கிறவர்கள் இன்றும் உண்டு. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டு தெரியும். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் ஸ்டப் ஆக்சில் மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்று தெரியும். ஏறினால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது ஷிம் போதவில்லை.

கிங் பின் வேலை எங்கள் தொழிலின் உச்சம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பின்னைப் பீமில் பூட்டுவது ஒரு சாய்வான லாக் பின். அதன் நட்டைக் கழற்றிப் பின்னோக்கித் தட்டி எடுத்து, மேல் மூடியையும் கீழ் மூடியையும் கழற்றினால் கிங் பின் கீழே இறங்க வேண்டும். கிரீஸ் காணாத வண்டியில் அது இறங்காது. துரு பிடித்துப் பீமோடு ஒன்றாகியிருக்கும். இங்கேதான் பலர் காஸ் வெல்டிங் நெருப்பைக் கொண்டுவருகிறார்கள். பீம் அடித்து உருவாக்கிப் பதம் கொடுத்த இரும்பு. சிவக்கச் சூடேற்றினால் பதம் போய்விடும். பதம் போனது வெளியே தெரியாது, லோடு ஏறிய பிறகு ஒரு நாள் வளையும். என் மேஸ்திரி முதல் நாள் சாயங்காலமே டீசல் ஊற்றி ஊறவிடுவார். மறுநாள் ஹைட்ராலிக் ஜாக்கியைச் சட்டத்தில் மாட்டி அழுத்துவார். நேரம் ஆகும். நெருப்பு வைக்க மாட்டார். நானும் வைத்ததில்லை.

பின் வந்ததும் ஸ்டப் ஆக்சிலில் உள்ள இரண்டு பழைய புஷ்களையும் தட்டி எடுத்து, ஓட்டைகளைச் சுத்தம் செய்து, புதிய புஷ்களை அழுத்த வேண்டும். புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளையும் ஸ்டப் ஆக்சிலில் உள்ள நிப்பிள் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு அரை விரல் விலகினாலும் கிரீஸ் போகாது. அப்புறம் அந்தப் புதிய புஷ்ஷுக்கு ஆயுள் இல்லை. பிறகு ரீமர். மேல் புஷ்ஷைத் தனியாகவும் கீழ் புஷ்ஷைத் தனியாகவும் சின்ன ரீமரால் கடைந்தால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. நீளமான ரீமர் இரண்டு புஷ்ஷுக்குள்ளும் சேர்ந்து இறங்கிக் கடைய வேண்டும். ஒரே திசையில் திருப்ப வேண்டும், பின்னால் திருப்பினால் புஷ்ஷில் கீறல் விழும். கொஞ்சம் கடைந்து, துடைத்து, பின்னில் எண்ணெய் தடவிப் போட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி கடைய வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பின் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கையை எடுத்தால் பொத்தென்று விழவும் கூடாது, சுத்தியல் கேட்கவும் கூடாது. அந்த அளவை எந்தப் புத்தகமும் கைக்குக் கற்றுத்தராது. மேஸ்திரி பக்கத்தில் நின்று “இன்னும் ரெண்டு சுத்து” என்று சொல்லச் சொல்லத்தான் எனக்கு வந்தது.

பூட்டும்போது த்ரஸ்ட் பேரிங் பீமுக்குக் கீழே உட்காரும், வண்டியின் முன்பக்கப் பாரம் அதன் மேல்தான். ஷிம் மேல்பக்கம். எல்லாம் பூட்டிய பிறகு ஸ்டப் ஆக்சில் கையால் தள்ளினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சீராகத் திரும்ப வேண்டும். கனமாக இருந்தால் டிரைவரின் தோள் போகும், வளையம் திரும்பி வராது.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போது கிங் பின் ஒரு பக்கமாகப் புஷ்ஷில் அழுந்தி நிற்கும். அப்போது கிரீஸ் கன் வைத்தால் கிரீஸ் எளிதான பக்கம் போய் வெளியே வந்துவிடும், அழுந்திய பக்கம் வறண்டே கிடக்கும். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே அடித்தால்தான் எல்லா இடமும் போகும். பழைய கிரீஸ் கறுப்பாக வந்து, பிறகு புதுக் கிரீஸ் நிறம் தெரிய வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் அதை மாற்ற வேண்டும். சில ரூபாய்தான் ஆகும். அது அடைத்துக்கொண்டதால் மொத்த கிங் பின் செட்டையும் மாற்றிய வண்டிகள் ஏராளம். வாட்டர் சர்வீஸ் செய்த அன்றே கிரீஸ் அடிக்க வேண்டும் என்பதையும் டிரைவர்கள் மறக்கக் கூடாது.

திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் எனக்கு இன்னொன்றை நன்றாகக் கற்றுக்கொடுத்தன. போர்வெல் போட இந்தியா முழுக்கப் போகிற வண்டிகள் அவை. சரக்கு லாரி போகும்போது லோடு, வரும்போது சில சமயம் காலி. ரிக் வண்டிக்குக் காலி என்பதே கிடையாது. தலைமேல் இருக்கிற இரும்பு இறங்குவதில்லை. காட்டுப் பாதையில் தூசி வேறு. அவற்றின் த்ரஸ்ட் பேரிங்கும் புஷ்ஷும் மற்ற வண்டிகளுக்கு முன்பே போகும். ஒரே பார்ட், ஒரே கம்பெனி, ஆனால் ஆயுள் ஒன்றில்லை. அதனால் ‘இத்தனை கிலோமீட்டருக்கு மாற்று’ என்ற கணக்கை மட்டும் நம்பாமல் தூக்கிப் பார்த்துச் சொல்வதே சரி.

வீல் பேரிங் வேறு கதை. ஹப்பைக் கழற்றி பேரிங்கை டீசலில் கழுவினால் அதன் வரலாறு தெரியும். ரோலர் நீலம் பாய்ந்திருந்தால் சூடாகியிருக்கிறது, இறுக்கம் அதிகம் அல்லது கிரீஸ் இல்லை. ரோலர் ஓடும் கப்பில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. ரோலரோடு கூடிய கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை ஹப்பிலேயே விடுவது கூடாது. இரண்டும் ஜோடி. கிரீஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை ஏற்ற வேண்டும். மேலே பூசினால் போதாது. மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி ரோலர்களை உட்கார வைத்து, பிறகு கொஞ்சம் தளர்த்தி, லாக் போட வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆடவும் கூடாது. மறுநாள் வண்டி ஓடி வந்ததும் இரண்டு பக்க ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் சுட்டால் திரும்பக் கழற்றுவேன்.

அடுத்தது வீல் நட்டு. பல பழைய வண்டிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை இருக்கும். தெரியாத கிளீனர் அதைக் கழற்றுகிறேன் என்று நீளக் குழாயை மாட்டி ஏறி நின்று இறுக்கிக்கொண்டிருப்பான். ஸ்டட் நீண்டுவிடும். நீண்ட ஸ்டட் அடுத்த பயணத்தில் முறியும். ஒரு ஸ்டட் முறிந்தால் அதன் பாரம் பக்கத்து ஸ்டட்டுகளுக்குப் போகும், பிறகு வரிசையாக முறியும். நட்டின் அடியிலிருந்து டிஸ்க்கின் மேல் செந்நிறத்தில் துருக் கோடு வழிந்திருந்தால் அந்த நட்டு லூஸ். இரும்பும் இரும்பும் உரசிய பொடி அது. அதைப் பார்த்ததும் இறுக்கிவிட்டுப் போகக் கூடாது. சக்கரத்தைக் கழற்றி, ஸ்டட் ஓட்டை முட்டை வடிவத்தில் விரிந்திருக்கிறதா, டிஸ்க்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிந்த டிஸ்க்குக்கு வைத்தியம் கிடையாது. டிஸ்க்குக்குத் தடிமனாகப் பெயின்ட் அடித்து அழகு பார்ப்பதும் ஆபத்து. உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அது ஓட்டத்தில் நசுங்கும், நட்டு தளரும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சக்கரம் மாட்டிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பழைய டிஸ்க்கில் டியூப் டயரைப் பிடித்திருப்பது சைடு ரிங்கும் லாக் ரிங்கும். காற்று ஏறிய டயர் அந்த ரிங்கைப் பல டன் விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். லாக் ரிங் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமலோ, துருவால் பள்ளம் தேய்ந்தோ இருந்தால், அந்த ரிங் பறக்கும். எதிரில் முகம் இருந்தால் அந்த ஆள் பிழைப்பது அரிது. டயர் கடைகளில் இப்படிப் போன உயிர்கள் பல. அதனால் சொல்கிறேன்: சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வின் ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்குங்கள். இரட்டைச் சக்கரமென்றால் இரண்டிலும் இறக்குங்கள். காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டாதீர்கள். காற்று அடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயோடு ஒதுங்கி நின்று அடியுங்கள். கூண்டு செய்ய ஆகும் செலவு ஒரு டயர் விலைகூட வராது.

எல்லா ஆட்டமும் தீர்ந்த பிறகுதான் டோ-இன் பார்க்க வேண்டும். கிங் பின் ஆடும்போது அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை. மிஷின் இல்லாத காலத்தில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸ் தடவி, அதன் மேல் ஆணி முனையால் ஒரு மெல்லிய கோடு போடுவோம். இறக்கி, வண்டியைக் கொஞ்சம் முன்னே உருட்டி, ஹப் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கம்பியால் அளப்போம். முன்னால் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். எத்தனை என்பது அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். டை ராடின் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. கிளாம்ப்பைத் தளர்த்தி ராடைத் திருப்பினால் நீளம் மாறும். டயரின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அளவில் 10 மில்லிமீட்டர் பிசகியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு டயரும் சேர்ந்து பத்து மீட்டர் பக்கவாட்டில் தேய்கின்றன. நாமக்கல்லிலிருந்து மும்பை போய் வருவதற்குள் எவ்வளவு ரப்பர் ரோட்டில் போகும் என்று முதலாளிகளே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னால் நான் சொல்ல வந்தது தெளிவாகும். பழைய காமெட். வேறு ஊர்ப் பட்டறை ஒன்றில் கிங் பின் மாற்றி, டை ராடு எண்டு மாற்றி, கடைசியில் ஸ்டீயரிங் பாக்ஸும் மாற்றியிருந்தார்கள். வண்டி நேராகப் போகவில்லை. முதலாளி கொதித்துப்போய் இருந்தார். டிரைவர் நடுத்தர வயதுக்காரர், களைத்துப்போய் ஒதுங்கி நின்றார்.

“ஏனுங்கண்ணா, வண்டி எப்படி அலையுதுங்க?” என்று அவரிடம் கேட்டேன்.

“நேர் ரோட்டுலயே வளையத்தப் புடிச்சுட்டே இருக்கோணுமுங்க. கொஞ்சம் விட்டா இந்தப் பக்கம், இழுத்தா அந்தப் பக்கம். திம்பம் மலையில கொண்டை ஊசி திரும்புனா, வளையத்த நானே சுத்திக் கொண்டாரணும். தானா வராதுங்க. முன்னெல்லாம் வந்துரும்.”

“முன்னெல்லாம்னா எப்பலேர்ந்து?”

அவர் யோசித்தார். “முன் பட்டை ஒடஞ்சு கட்டு இறக்கி ஏத்துனோமுங்க. அதுக்கப்புறம்தானுங்க.”

எனக்கு அது போதும். பட்டைக் கட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு சாய்வுத் தகடு இருக்கும். ஒரு முனை கனம், மறு முனை மெல்லிசு. ஆக்சிலைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைப்பது அதன் வேலை. அந்தச் சாய்மானம்தான் சக்கரத்தை நேராக நிறுத்தி, வளைவுக்குப் பிறகு வளையத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இந்த வண்டியில் கனமான முனை பின்பக்கம் வர வேண்டும். கட்டை ஏற்றியவர்கள் இரண்டு பக்கமும் முன்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். யு போல்ட்டைத் தளர்த்தி, தகட்டைத் திருப்பிப் போட்டு, முறையாக இறுக்கி, சென்டர் போல்ட் துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்பினேன். டிரைவர் சேலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “இப்பத்தானுங்க எங்க வண்டி” என்றார். மாற்றிய பார்ட்ஸ் எதிலும் குறை இருக்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டியதை யாரும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டீயரிங் பாக்ஸை நான் கடைசியாகத்தான் தொடுவேன். பாக்ஸில் தேய்மானம் அதிகமாக வருவது நடுவில். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது. அதனால் அட்ஜஸ்டிங் ஸ்குரூவைத் திருகும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும், டிராக் லிங்க்கைக் கழற்றியிருக்க வேண்டும், நடுவிலிருந்து இரண்டு கோடிக்கும் வளையத்தைச் சுற்றிப் பார்த்து எங்கும் பிடிக்காமல் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். டிராப் ஆர்மைக் கழற்றும்போது ஷாப்ட்டிலும் ஆர்மிலும் உள்ள அடையாளக் கோட்டைக் கவனித்து அதே இடத்தில் மாட்ட வேண்டும். புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். அதற்கும் நெருப்பு கூடாது.

நான் பையன்களுக்கு வைத்திருக்கும் சட்டங்கள் சில. டை ராடு, டிராக் லிங்க், டிராப் ஆர்ம், ஸ்டப் ஆக்சில் இவற்றில் வெல்டு வைக்கக் கூடாது. வளைந்ததைச் சூடேற்றி நிமிர்த்தக் கூடாது. காயலான் கடையில் பால் ஜாயின்ட் வாங்கக் கூடாது. கழற்றிய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடக் கூடாது, அதற்குப் பதில் ஆணியை வளைத்துச் சொருகுவது அதைவிடத் தப்பு. ரப்பர் பூட் கிழிந்தால் அன்றே மாற்ற வேண்டும், ஏனென்றால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போன பால் ஜாயின்ட் கிரீஸோடு மண்ணைச் சேர்த்துத் தன்னையே அரைத்துக்கொள்ளும். முதலாளி கேட்டாலும் இவற்றை மீறி வேலை செய்து கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி ஸ்டீயரிங்குக்கு உரியது. வளையத்தின் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்கிறது. 20 அங்குல வளையத்தில் 30 டிகிரி என்றால் விளிம்பில் ஐந்து அங்குலத்துக்கும் மேல். அது தாண்டக் கூடாத எல்லை. அது வரைக்கும் விட்டுவைக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆண்டுக்கு ஒரு முறை. எஃப்.சி.க்கு முந்தின நாள் பெயின்ட் அடித்து, ரிஃப்ளெக்டர் ஒட்டிக் கொண்டுபோவதில் காட்டுகிற அக்கறையில் பாதியை ஆக்சிலுக்கு அடியில் காட்டினால் போதும்.

இப்போது வருகிற வண்டிகளில் பவர் ஸ்டீயரிங், டியூப்லெஸ் டயர், கம்ப்யூட்டர் அலைன்மென்ட் எல்லாம் வந்துவிட்டன. நல்லதுதான். டிரைவர்களின் தோளும் முதுகும் தப்பின. ஆனால் பவர் ஸ்டீயரிங் ஒன்றை மறைக்கிறது. முன்பு கிங் பின் இறுகினாலும் மூட்டு தேய்ந்தாலும் அது டிரைவரின் கைக்கு வந்து சேரும். இப்போது ஆயில் அழுத்தம் நடுவே நின்று எல்லாவற்றையும் மிருதுவாக்கிவிடுகிறது. கைக்குத் தெரியாததால் குறை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பவர் ஸ்டீயரிங் வண்டியைத்தான் இன்னும் அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டும்.

லாரி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறை முன்பக்கத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்தும் விட்டும் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. டிரைவர் வந்து வளையம் சரியில்லை என்று சொன்னால், அடுத்த ட்ரிப்பு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். அந்த வண்டியில் உட்கார்ந்து போகிறவர் அவர். டிரைவர் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. டீ குடிக்க நிறுத்தும்போது வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஹப்பைத் தொடுங்கள், நட்டைப் பாருங்கள், பூட் கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பட்டறைக்கு வந்தால் ‘ஸ்டீயரிங் சரியில்ல’ என்பதோடு நிறுத்தாமல், எந்த ரோட்டில், எந்த வேகத்தில், எந்த வேலைக்குப் பிறகு என்று சொல்லுங்கள். பழைய வண்டி என்பதால் யாரும் சாக வேண்டியதில்லை. மூட்டுகள் கெட்டியாக இருந்தால் பழைய வண்டியும் சொன்ன பக்கம் போகும்.